ஆண்டுதோறும் கட்டிய அணை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



அணையைப் பற்றிச் சிறிது நேரம் பேச வேண்டுமென விழாக் குழுவினர் பணித்தனர். மைசூரில் வாழும் தமிழர் கூட்டத்தில் அணை என்ற சொல் எழுந்ததும் எல்லோர் மனமும் கண்ணம்பாடிக்கு ஓடும். ஊரிலிருந்து உறவினர் வந்தால் முதல் நாள் அரண்மனை, மறுநாள் கிருஷ்ணராஜசாகரம் என்பது நம் குடும்பங்களில் எழுதாத சட்டம். 1911-ஆம் ஆண்டு தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கட்டப்பெற்று, 8,600 அடி நீளத்திற்குக் காவிரியை மறித்து நிற்கும் அந்தக் கற்சுவரைப் பற்றியும், அதற்கு வித்திட்ட விசுவேசுவரய்யா அவர்களைப் பற்றியும் மேடைதோறும் பேசக் கேட்டிருக்கிறோம். சுண்ணாம்பும் செங்கற்பொடியும் கலந்த சுர்க்கிக் காரையால் எழுந்த சுவர் அது என்பது இங்குள்ள சிறுவர்க்கும் தெரியும்.

நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட அணை அதற்கு முற்றிலும் மாறானது. மரமுளையும் தழையும் மண்ணும் சேர்த்து ஊரார் கட்டிய அணை அது. ஓராண்டு நின்றால் அதன் ஆயுள் நிறைவு. அதைக் கட்டியவர் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. கல்லே இல்லாத அணைக்குக் கல்வெட்டு எங்கிருந்து வரும்? தமிழ்நாட்டில் அதற்குக் கொரம்பு என்று பெயர். வைகைக் கரையிலும், திருச்சி கரூர்ப் பக்கத்துக் காவிரிக் கரையிலும் பிறந்த பெரியவர்கள் இச்சொல்லைக் கேட்டதும் தலையசைப்பார்கள். இளைஞர்கள் பலர் இப்போதுதான் கேட்கிறார்கள் என்பது அவர்கள் முகத்திலேயே தெரிகிறது.

கொரம்பு இடும் முறையை முதலில் சொல்லிவிடுகிறோம். மழை ஓய்ந்து ஆற்றில் நீர் குறையத் தொடங்கினால், வாய்க்காலின் தலைமடை ஆற்றுநீர் மட்டத்துக்கு மேலே நின்றுவிடும். நீர் கண்ணெதிரே ஓடும், வாய்க்காலில் ஏறாது. அப்போது தலைமடைக்குச் சற்றுக் கீழே ஆற்றின் குறுக்கே சாய்வாக ஒரு கோடு குறிப்பார்கள். அக்கோட்டில் மரமுளைகளை வரிசையாக மணலில் அடித்து இறக்குவார்கள். முளைகளுக்கிடையே கிளைகளையும் மூங்கிலையும் பின்னி, தழையும் வைக்கோலும் நாணலும் திணித்து, அதன்மேல் மணலும் களிமண்ணும் கொட்டி மிதிப்பார்கள். நேர்க்குறுக்காகக் கட்டினால் நீரின் முழு வேகமும் முளைகளின்மேல் மோதும்; சாய்வாகக் கட்டியதால் நீர் அடைப்பை உரசிக்கொண்டு கரையோரம் ஒதுங்கி, தானே வாய்க்காலுக்குள் திரும்பும். இரண்டு மூன்றடி நீர் உயர்ந்தால் போதும், வேலை முடிந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கொரம்பு நீரைத் தேக்கி வைப்பதன்று. தேக்கும் வேலை ஏரிகளுக்கும் கண்மாய்களுக்கும் உரியது. ஆற்றைச் சற்றே உயர்த்தி வாய்க்காலுக்கு வழிகாட்டுவது கொரம்பின் பணி. வாய்க்கால் நீரை ஏரிக்குக் கொண்டுசெல்லும். ஏரியின் மடை அதனை வயலுக்கு அளந்து விடும். பெருவெள்ளம் வந்தால் கொரம்பு பெயர்ந்து போகும். அதனால் ஊருக்குக் கேடு இல்லை. வெள்ளமும் அது சுமந்துவரும் மணலும் வண்டலும் தடையின்றிக் கீழே போய்விடும். வெள்ளம் வடிந்தபின் மீண்டும் முளையடிப்பார்கள். சில ஆண்டுகளில் ஒரே பருவத்தில் இரண்டு மூன்று முறை கட்ட நேர்வதும் உண்டு.

கல்லால் கட்டினால் என்ன என்று கேட்கலாம். நம் மைசூர்ப் பக்கத்தில் கல்லால்தான் கட்டினார்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்தைச் சுற்றிலும் காவிரிக்குப் பாறைப் படுகை. பாறைமேல் கல்லை வைத்தால் நிற்கும். 1638 முதல் 1659 வரை ஆண்ட கண்டீரவ நரசராஜ உடையார் காலத்துப் பங்காரதொட்டிக் கால்வாயும், 1673 முதல் 1704 வரை ஆண்ட சிக்கதேவராஜ உடையார் பெயரைத் தாங்கிய கால்வாயும் இவ்வகைக் கல்லணைகளிலிருந்து கிளம்புபவை. விடுமுறை நாளில் நம் பிள்ளைகள் குளித்துக் கும்மாளமிடும் பலமுரியில் வெள்ளைத் திரைபோல் விழுவதை அருவி என்றே பலரும் எண்ணுகின்றனர். அது பழைய அணைக்கட்டின்மேல் வழிந்தோடும் காவிரிநீர்.

கீழே சமவெளியில் வைகைக்கும் பாலாற்றுக்கும் மணற்படுகை. மணலில் வைத்த கல் புதையும். கரிகாலன் பெயரால் வழங்கும் கல்லணை இதற்கு ஒரு பெரும் விலக்கு. கல் புதையப் புதைய மேலும் கல்லை இட்டு, மணலிலேயே அடித்தளம் அமைத்த கலை அது. அதைப் பார்த்தே ஆற்றுமணலில் அடித்தளமிடும் பாடத்தைக் கற்றதாக ஆர்தர் காட்டன் என்ற ஆங்கிலப் பொறியாளர் ஒப்புக்கொண்டுள்ளார். ஆனால் கல்லணை எழுப்ப அரசன் வேண்டும், அவன் கருவூலம் வேண்டும். நான்கு சிற்றூர்கள் சேர்ந்து செய்யக்கூடியது கொரம்பு. மரமும் தழையும் அவர்கள் தோப்பிலேயே உண்டு, கைகளும் உண்டு.

கைகள் என்றதும் பிட்டுக்கு மண் சுமந்த கதை நினைவுக்கு வருகிறது. திருவிளையாடலை நாம் பக்திக் கதையாகவே கேட்டு வளர்ந்தோம். சற்றே கணக்கெழுதுபவன் கண்ணோடு பாருங்கள். வைகை உடைத்துக்கொண்டது. மன்னன் கரையை அளந்து, வீட்டுக்கு இவ்வளவு என்று பங்கு பிரித்தான். பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்தி என்னும் கிழவிக்கும் ஒரு பங்கு விழுந்தது. அவளுக்கு மகனில்லை, கூலிக்குப் பணமில்லை. ஆயினும் அவள் பங்கு ஏட்டில் இருந்தது. அது அடைபடாமல் கிடந்தால் ஊரே முழுகும். இறைவனே கூலியாளாக வந்த அற்புதத்தைச் சற்று ஒதுக்கி வைத்தால், எஞ்சியிருப்பது பழைய குடிமராமத்து முறையின் நேர்த்தியான சித்திரம். ஆற்றங்கரை முழுதும் வீடுகளின் பெயரால் அளக்கப்பட்டிருந்தது. யாருடைய பங்கு எது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மதுரையில் ஆவணி மூலத் திருவிழாவில் இன்றும் இதை நடத்திக் காட்டுகிறார்கள்.

அந்தக் காலத்தில் எல்லாம் ஒழுங்காக, அன்பாக நடந்தது என்று சொல்ல நாம் வரவில்லை. வந்தியின் கதையிலேயே பிரம்படி இருக்கிறது. நிலம் ஒருவருக்கு, முளையடிக்கும் வேலை வேறொருவருக்கு என்பது பல ஊர்களில் வழக்கம். இடுப்பளவு நீரில் நின்று தழை மிதித்தவர்கள் பெரும்பாலும் சொந்தமாக ஒரு குழி நிலமும் இல்லாதவர்கள். வெள்ளையர் ஆட்சியில் 1858-ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று பிறந்தது. கரை உடையும் ஆபத்து நேர்ந்தால் ஊராரை வேலைக்கு அழைக்கவும், வழக்கமான குடிமராமத்து வேலைக்கு வராதவரிடம் பணம் பெறவும் அச்சட்டம் வழி செய்தது. மனமுவந்து எல்லோரும் ஓடிவந்திருந்தால் சட்டத்திற்கு என்ன வேலை?

ஆயினும் கொரம்பில் ஒரு நல்ல குணம் இருந்தது. அது ஒழுகும். தழையையும் மண்ணையும் எவ்வளவு மிதித்தாலும் மரஅடைப்பு முழுதும் இறுகாது. மேலூர் கட்டிய கொரம்பில் கசிந்த நீர் கீழூருக்குப் போய்ச் சேரும். அங்கே அதைத் திரட்ட இன்னொரு கொரம்பு. ஒழுகும் நீரும் போதாவிட்டால் கீழூரார் வந்து பேசுவார்கள். பேச்சு முற்றினால் இரவோடிரவாக முளையைப் பிடுங்குவார்கள். வழக்கு உண்டு, கைகலப்பு உண்டு, பின்பு முறை வைத்து நீர் விடுவதும் உண்டு. எப்படியாயினும் ஆண்டுக்கு ஒருமுறை மேலூராரும் கீழூராரும் ஆற்றுமணலில் எதிரெதிரே நின்றுதான் ஆக வேண்டும். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியும்.

ஏரியிலும் இதே மரவேலை உண்டு. ஏரி நிரம்பினால் மிகுநீர் வெளியேறும் இடம் கலிங்கு. அதன்மேல் குத்துக்கற்களை வரிசையாக நட்டிருப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அவற்றை ஏதோ வேலிக்கல் என்று நாம் சிறுவயதில் நினைத்ததுண்டு. பெருமழைக் காலத்தில் கற்களின் இடைவெளி திறந்தே கிடக்கும். மழை ஓயும் தறுவாயில் இடைவெளிகளில் பலகையும் புல்கரணையும் மண்ணும் வைத்து அடைத்துவிட்டால், ஏரி இன்னும் ஓரிரு அடி கூடுதலாக நீர் பிடிக்கும். என்று அடைப்பது என்பதில்தான் சாமர்த்தியம். முந்தி அடைத்தபின் பெருமழை வந்தால் கரை உடையும். பிந்தினால் நீர் வீணாகும். நீர்ப்பிடிப்புக்குள் பயிர் வைத்தவன் அடைக்காதே என்பான். கரைக்குக் கீழே வயலுள்ளவன் அடை என்பான். இவர்களுக்கிடையே நீர்க்கட்டி நின்று முடிவு செய்வான். கன்னடத்திலும் அவனுக்கு நீருகண்டி என்றே பெயர் என்பது இங்கு வந்தபின் நாம் கற்றுக்கொண்டது.

கன்னடம் என்றதும் ஒரு சிறு கிளைக்கதை. திருநெல்வேலிப் பக்கம் தாமிரபரணியில் கன்னடியன் அணைக்கட்டு என்று ஒன்றுண்டு. அதிலிருந்து செல்லும் கன்னடியன் கால்வாய் சேரன்மாதேவி வரை வயல்களுக்குப் பாய்கிறது. கன்னட நாட்டு அந்தணர் ஒருவர் தமக்குத் தானமாகக் கிடைத்த பெரும்பொருளை என்ன செய்வதென்று அகத்தியரைக் கேட்டாராம். ஒரு பசுவின் பின்னே நட, அது செல்லும் வழியில் கால்வாய் வெட்டு, படுக்கும் இடத்தில் குளம் வெட்டு என்றாராம் முனிவர். கதை மெய்யோ பொய்யோ, தமிழ் உழவர் ஒரு கால்வாய்க்குக் கன்னடியன் பெயரை வைத்து, மாற்றாமல் இன்றும் வழங்கி வருகின்றனர். காவிரிப் பேச்சில் குரல் உயரும் அலுவலகங்களில் நாம் இந்தக் கதையைச் சொல்வதுண்டு. பெரும்பாலும் சிரிப்பு வரும், பிறகு காப்பி வரும்.

கருநாடகத்தில் மரஅணை இல்லையோ என்றால், மேற்குக் கடற்கரைப் பக்கம் இன்றும் இருக்கிறது. தென்கன்னடம், உடுப்பி மாவட்டங்களில் ஓடைக்கு ஓடை கிண்டி அணெகட்டு என்று ஒன்றைக் காணலாம். கிண்டி என்றால் திறப்பு. ஓடையின் குறுக்கே கல்லாலோ கான்கிரீட்டாலோ தூண்கள் நிற்கும். தூண்களில் பள்ளம் வெட்டியிருக்கும். தென்மேற்குப் பருவமழைக் காலம் முழுதும் திறப்புகள் வெறுமையாக இருக்கும். வெள்ளம் தங்குதடையின்றிக் கடலுக்குப் போகும். மழை ஓய்ந்து ஓடை மெலிந்தபின் ஒவ்வொரு திறப்பிலும் இரண்டு வரிசையாகப் பலகைகளைச் செருகி, நடுவிலுள்ள இடைவெளியில் மண்ணை இட்டுக் கெட்டிக்கிறார்கள். ஓடை குளமாகும். பாக்குத் தோட்டத்துக் கிணறுகளில் நீர்மட்டம் உயரும். கடலோரத்தில் உப்புநீர் ஏறுவதும் தடைபடும். அடுத்த மழைக்கு முன் பலகைகளைக் கழற்றிப் பத்திரமாக அடுக்கி வைத்துவிட வேண்டும். மறந்தால் முதல் வெள்ளத்தில் பலகையும் போகும், தோட்டமும் போகும். தூண் இல்லாமலே கல்லும் மண்ணும் மரமும் கொண்டு ஆண்டுதோறும் கட்டுவது இதனினும் பழைய முறை. அதற்குக் கட்ட என்று பெயர். நம் பலகை அங்கே ஹலகெ. நம் அணைக்கட்டு அங்கே அணெகட்டு. ஆங்கிலேயர் இச்சொல்லை அப்படியே வாங்கித் தம் பொறியியல் நூல்களில் அனிகட் என்று எழுதிக்கொண்டனர்.

கடல் கடந்தும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சீன நாட்டுச் சிச்சுவான் மாகாணத்தில் மின் ஆற்றின்மேல் துச்சியாங்யன் என்னும் நீர்ப்பாசன அமைப்பைக் கி.மு. 256-ஆம் ஆண்டளவில் லீ பிங் என்ற ஆளுநர் தொடங்கினார். கூழாங்கல் நிரப்பிய மூங்கிற் கூடைகளால் ஆற்றை இரண்டாகப் பிரித்தார்கள். குளிர்காலத்தில் கால்வாயில் தூர்வார வேண்டும். அதற்கு நீரை நிறுத்த வேண்டும். பெரிய மரமுக்காலிகளை ஆற்றில் வரிசையாக நிறுத்தி, பாயும் களிமண்ணும் சார்த்தி அடைத்தார்கள். வேலை முடிந்து வசந்தம் பிறந்ததும் முக்காலிகளை வெட்டிச் சாய்த்து, விழாவோடு நீரைத் திறந்துவிட்டார்கள். இருபதாம் நூற்றாண்டில் இரும்புக் கதவுகள் வந்துவிட்டன. முக்காலி சாய்க்கும் விழா மட்டும் தொடர்கிறது. நாம் ஆடிப்பெருக்கன்று ஆற்றங்கரையில் சித்திரான்னம் உண்பதோடு நிறுத்திக்கொண்டோம். ஆடி வெள்ளத்தை எதிர்பார்த்து முன்னோர் செய்த வாய்க்கால் வேலை மறந்துவிட்டது.

தமிழ்நாட்டில் நிலையான அணைகள் கொரம்பின் இடத்தைச் சிறிது சிறிதாகப் பிடித்துக்கொண்டன. 1836-ஆம் ஆண்டு காட்டன் முக்கொம்பில் மேலணை கட்டினார். 1895-ஆம் ஆண்டு பென்னிகுயிக் கட்டிய அணையால் பெரியாற்று நீர் மலையைக் குடைந்து வைகைக்கு வந்தது. பேரணையில் கல்லும் கதவும் அந்நீரைப் பிரித்துக் கொடுத்தன. பெரியாற்றில் அணையின் அடித்தளம் இடுவதற்கே முதலில் ஆற்றைத் தற்காலிகமாக அடைக்க வேண்டியிருந்தது; அந்த அடைப்புகளை வெள்ளம் மீண்டும் மீண்டும் அடித்துச் சென்றது. பின்னர் இங்கே கிருஷ்ணராஜசாகரம், கீழே 1934-இல் மேட்டூர். இவற்றால் விளைந்த நன்மை பெரிது. பஞ்சம் குறைந்தது, மின்சாரம் கிடைத்தது, மைசூரில் நம் வீட்டுக் குழாயில் காவிரியும் கபினியும் வருகின்றன. இவற்றை விட்டுப் பழையபடி முளையடிக்கப் போவோம் என்பவர் வாய்க்கால் வறண்ட கோடையைப் பார்த்திராதவர்.

ஆயினும் ஒன்று கைமாறிற்று. ரயில்வேயில் குமாஸ்தாவாக இருக்கும் நமக்குத் தெரிந்த உவமையைச் சொல்கிறோம். பாதையில் மரக்கட்டைகள் கிடந்த காலத்தில் எந்தக் கட்டை உளுத்தது, எந்த ஆணி தளர்ந்தது என்று தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டே கேங்மேன்கள் நடந்தார்கள். மாற்றும் வேலை ஓயவே ஓயாது. கான்கிரீட் கட்டை வந்தபின் மாற்றும் வேலை வெகுவாகக் குறைந்தது. நடப்பது மட்டும் நிற்கவில்லை, நிற்கவும் கூடாது. ஆற்றில் நடந்தது வேறு. அணை நிலையானதும் ஊரார் நடப்பதையே நிறுத்திவிட்டனர். கதவைத் திறப்பதும் மூடுவதும் அரசின் வேலையாயிற்று. மேலூரும் கீழூரும் மணலில் நின்று போட்ட சண்டை, மைசூர் அரசும் சென்னை அரசும் காகிதத்தில் போடும் வழக்காயிற்று. 1892-இல் ஓர் ஒப்பந்தம், 1924-இல் ஓர் ஒப்பந்தம், 1990-இல் நடுவர் மன்றம், 2007-இல் அதன் இறுதித் தீர்ப்பு, 2018-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. எத்தனை டி.எம்.சி. என்பது இன்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரிகிறது. தஞ்சைக் கடைமடையில் நாற்று விட்டவன் முகம் மண்டியாவில் கரும்பு நட்டவனுக்குத் தெரியாது. அவன் முகம் இவனுக்கும் தெரியாது.

இரண்டு முகங்களும் தெரிந்தவர் சிலர் உண்டு. அவருள் நாமும் ஒருவர். நம்மில் பலருக்கு நிலம் கீழே, வேலை மேலே. பக்கத்து வீட்டார் மண்டியாக்காரர், சம்பந்தி மாயவரத்தார். 1991-ஆம் ஆண்டு இடைக்காலத் தீர்ப்பின் பின்னர், அவ்வாண்டு டிசம்பரில் பெங்களூரிலும் தென்கருநாடகத்தின் சில பகுதிகளிலும் தமிழ்க் குடும்பங்கள் கதவைத் தாழிட்டுக்கொண்டு கழித்த இரவுகளை இங்குள்ள பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதே நாட்களில் தமிழரைத் தம் வீட்டில் வைத்துக் காத்த கன்னடக் குடும்பங்களும் உண்டு. அதையும் மறந்திருக்க மாட்டார்கள். ஆற்றுச் செய்தி வரும் ஆண்டுகளில் இரு தரப்பாரிடமும் கணக்கைப் பொறுமையாகச் சொல்லக்கூடியவர் நாமேயன்றி வேறு யார்? அதற்கு நீர் எப்படி ஓடுகிறது, எங்கே தேங்குகிறது, எங்கே ஒழுகுகிறது என்பது நமக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டும். கொரம்பைப் பற்றிப் பேச நினைத்ததன் காரணம் அதுவே.

இரும்புக் கதவுக்கும் ஆயுள் உண்டு. 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிட மேலணையின் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் சாய்ந்தன. மணல் மூட்டைகளையும் பாறைகளையும் கொண்டு ஆட்கள் நீரில் இறங்கி அடைத்தார்கள். கொரம்பு வேலையை ஒத்த வேலைதான் அது. 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10 இரவு ஹோசபேட்டையில் துங்கபத்திரை அணையின் 33 கதவுகளில் பத்தொன்பதாவது கதவின் சங்கிலி அறுந்து கதவே போய்விட்டது. நீர் கொட்டிக்கொண்டிருக்கும்போதே ஒரு வாரத்திற்குள் பொறியாளர்களும் தொழிலாளர்களும் எஃகுத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கித் திறப்பை அடைத்துவிட்டனர். அந்த எஃகுத் துண்டுக்குப் பொறியியலில் ஸ்டாப் லாக் என்று பெயர். லாக் என்றால் மரக்கட்டை. எஃகாக மாறிய பின்னும் பெயரில் கட்டை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நேரமாகிவிட்டது, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒரு விண்ணப்பத்தோடு அமர்கிறோம். டிசம்பர் விடுமுறையில் உடுப்பிக்கும் தர்மஸ்தலத்துக்கும் செல்லும் அன்பர்கள் வழியில் ஏதேனும் ஓர் ஓடையருகே வண்டியை நிறுத்திக் கிண்டி அணையைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பலகை செருகும் வேலை பெரும்பாலும் அதற்குள் முடிந்திருக்கும். நீர் நிறைந்து நிற்கும், பலகை இடுக்கில் சிறிது ஒழுகிக்கொண்டும் இருக்கும். கோடை விடுமுறையின் கடைசியில் சென்றால் பலகையைக் கழற்றி அடுக்கியிருப்பார்கள். வெறும் தூண்கள்தான் நிற்கும். இரண்டு முறையும் போய்வருவது நல்லது.